இருவர் நிற்கும் காசும் ஒருத்தி அமர்ந்த காசும்

கோயம்புத்தூர் வட்டாரப் புதையல்களில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் பெரும்பங்கு இரண்டு வகைகளுக்கு உரியது: ஒன்று பேரரசர் அகஸ்டஸ் வெளியிட்டது, மற்றது அவருக்குப் பின் ஆண்ட டைபீரியஸ் வெளியிட்டது. இரண்டும் டெனாரியஸ் என்னும் வெள்ளிக் காசு. இரண்டையும் அடித்த ஊர் லூக்டூனம், இன்றைய பிரான்சின் லியோன். எடை நான்கு கிராமுக்குச் சற்றுக் குறைவு. இரண்டிலும் முன்புறத்தில் இலைமாலை சூடி வலப்பக்கம் நோக்கும் தலை. தேய்ந்த காசில் முகத்தை வைத்து ஆளைச் சொல்வது கடினம்.

அதனால் முதலில் காசைத் திருப்ப வேண்டும். அகஸ்டஸ் காசின் பின்புறத்தில் இரண்டு இளைஞர்கள் நிற்பார்கள்; நடுவில் கேடயங்களும் ஈட்டிகளும், மேலே பூசைக் கரண்டியும் குறிசொல்வோரின் வளைகோலும். டைபீரியஸ் காசில் ஒரே ஒரு பெண், கையில் செங்கோலும் கிளையுமாக அமர்ந்திருப்பாள். அவளை டைபீரியஸின் தாய் லிவியா என்று கொள்வோர் பலர். எழுத்தெல்லாம் மழுங்கினாலும் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தப்பாது.

அடுத்தது எழுத்து. 'திவி' என்ற சொல் இரண்டிலும் உண்டு. தெய்வமானவரின் மகன் என்று சொல்லிக்கொள்ளும் தொடரில் வருவது அது. அகஸ்டஸுக்கு அந்தத் தெய்வம் ஜூலியஸ் சீசர்; டைபீரியஸுக்கு அகஸ்டஸ். இருவருமே தத்துப்பிள்ளைகள். ஆகவே அந்தச் சொல்லை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். 'பாதேர் பாத்ரியே', அதாவது நாட்டின் தந்தை, என்றிருந்தால் அகஸ்டஸ். அந்தப் பட்டம் அவருக்குக் கிடைத்தது கி.மு. 2இல், காசு அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. பின்புறத்தில் 'பொந்திஃப் மாக்ஸிம்', தலைமைக் குரு, என்றிருந்தால் டைபீரியஸ், காலம் கி.பி. 14-37 ஆட்சிக்குள் அடங்கும்.

இந்தியாவில் இவ்விரண்டையும் பார்த்து அடித்த போலிகளும் உண்டு. அவற்றில் உருவம் ஏறக்குறைய சரியாக வரும். எழுத்து பெரும்பாலும் பொருளற்ற கோடுகளாகச் சிதைந்திருக்கும். ஆக, உருவம் காசின் வகையைச் சொல்கிறது. அது ரோமானியக் கையில் பிறந்ததா என்று ஐயம் வந்தால் எழுத்தைக் கேட்க வேண்டும்.

இரண்டு காசுகளையும் அருகருகே வைத்தால் ஒரு குடும்பத்தின் கதை விளங்கும். நிற்கும் இளைஞர்கள் காயஸும் லூசியஸும். அகஸ்டஸின் மகள் வயிற்றுப் பேரர்கள், அவர் தத்தெடுத்து வாரிசாக வளர்த்தவர்கள். லூசியஸ் கி.பி. 2இல் இறந்தார், காயஸ் கி.பி. 4இல். காயஸ் மறைந்த அதே ஆண்டில் அகஸ்டஸ் டைபீரியஸைத் தத்தெடுத்தார். முதல் காசு, தன் பேரர்கள் ஆள்வார்கள் என்று ஒரு தாத்தா உலகுக்கு அறிவித்த நம்பிக்கை. இரண்டாவது காசு, அந்த இடத்துக்கு வந்தவர் அடித்தது. பின்புறத்தில் இருவரா ஒருத்தியா என்று எண்ணிப் பார்க்கும்போது, அந்த நம்பிக்கையைச் சொல்லும் காசா, அது கலைந்த பின் வந்த காசா என்பதையும் நாம் கண்டுகொள்கிறோம்.