450 மெகாஹெர்ட்ஸ் ஏழைகளுக்கும்

1998 ஏப்ரலில் இன்டெல் இறக்கிய முதல் செலரான் செயலியில் இரண்டாம் நிலை கேஷே கிடையாது. விலை குறைவு, வேகமும் குறைவு.

ஆகஸ்டில் செலரான் 300ஏ வந்ததும் கதை மாறியது. அதன் 128 கிலோபைட் கேஷ் சில்லுக்குள்ளேயே முழு வேகத்தில் ஓடியது. பென்டியம் 2-இன் 512 கிலோபைட்டுக்கோ பாதி வேகம்தான். 300ஏ-இல் பஸ் வேகத்தைப் பெருக்கும் எண் 4.5 என்று பூட்டப்பட்டிருந்தது. ஆனால் 440பிஎக்ஸ் மதர்போர்டில் பஸ் வேகத்தை 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100 ஆக்கினால் 300 மெகாஹெர்ட்ஸ் 450 ஆகிவிடும்! எல்லாச் சில்லும் தாங்கவில்லை. சிலவற்றுக்குக் கூடுதல் வோல்டேஜ் தேவைப்பட்டது. தாங்கியவை, விளையாட்டுகளில் உச்சவிலை பென்டியத்துக்கு ஈடுகொடுத்தன.

மிச்சப்பட்ட பணம் வூடூ2 கிராபிக்ஸ் கார்டுக்குப் போனது. மிகச் சரியான செலவு அது.

1999-இல் அபிட் நிறுவனத்தின் பிபி6 மதர்போர்டு இரண்டு செலரான்களை ஒன்றாகவே ஓட்டியது.