மேலே வந்தவர்களும் மேலேயே இருந்தவர்களும்

விழா மலர்களுக்கென்று ஒரு வரிசை உண்டு. நிறுவனர் படம், வாழ்த்துச் செய்திகள், எந்தக் கட்டடம் எந்த ஆண்டில் எழுந்தது என்ற விவரம், கடைசியில் நகைக்கடை விளம்பரம். அதில் விடுதிச் சமையற்கட்டுக்கு இடம் கிடைத்து நான் பார்த்ததில்லை. சேர்வராயன் மலைப் பள்ளிகளைப் பற்றி எழுதுகிறவன் அதை விட்டுவிட முடியாது. இந்த மலையில் பள்ளி என்றாலே முதலில் விடுதிதான், வகுப்பறை அப்புறம்.

எல்லாவற்றுக்கும் காபிதான் தொடக்கம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் அதை இங்கே கொண்டுவந்தார். தோட்டத் துரைமார் வந்தார்கள். சமவெளி வெயிலுக்குப் பயந்த குடும்பங்கள் வந்தன. பிள்ளைகளுக்குப் பள்ளி தேவைப்பட்டது. 1894இல் குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் திருஇருதய கான்வென்ட்டைத் தொடங்கினார்கள். 1917இல் புனித கபிரியேல் சபையின் மான்ஃபோர்ட் சகோதரர்கள் பையன்களுக்கு ஒரு பள்ளி திறந்தார்கள். ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளை மனத்தில் வைத்துத் தொடங்கிய பள்ளி அது. ரயில்வேயிலும் தந்தித் துறையிலும் இருந்த தகப்பன்மாருக்கு அடிக்கடி மாற்றல் வரும். பிள்ளையாவது ஓரிடத்தில் நிலைத்துப் படிக்கட்டும் என்று மலைக்கு அனுப்பினார்கள்.

இந்த மாதிரிப் பள்ளிகளின் கதவு மற்றவர்களுக்கு எப்படித் திறந்தது என்று கேட்டால் பலரும் நிர்வாகத்தின் பெருந்தன்மையைச் சொல்வார்கள். நான் அரசமைப்புச் சட்டத்தின் 337ஆம் பிரிவைச் சொல்வேன். ஆங்கிலோ இந்தியக் கல்விக்கு வெள்ளையர் காலத்தில் கிடைத்துவந்த மானியம் தொடரலாம். ஆனால் ஆண்டுதோறும் சேர்க்கையில் குறைந்தது 40 விழுக்காடு இடங்களைப் பிற சமூகத்தாருக்குத் தர வேண்டும் என்றது அந்தப் பிரிவு. அந்த மானியத்தின் ஆயுளும் பத்து ஆண்டுதான். அதற்குள் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறின. ஆக, மானியத்துக்காகச் சேர்த்துக்கொண்ட பிள்ளைகளே பிற்பாடு நாடெங்கும் இத்தகைய பள்ளிகளைத் தாங்கி நின்றார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நல்ல காரியங்கள் பல இப்படிக் கணக்குப் புத்தகத்தின் வழியாகவே நடந்திருக்கின்றன.

மான்ஃபோர்ட் சகோதரர்களின் பள்ளியில் படித்த பழைய மாணவர்களில் மூவரை எடுத்துக்கொள்ளுங்கள். சசி தரூர் லண்டனில் பிறந்த பாலக்காட்டுக் குடும்பத்துப் பிள்ளை. நடிகர் விக்ரம் பரமக்குடிக்காரரின் மகன். அன்புமணி ராமதாஸ் திண்டிவனத்து டாக்டரின் மகன். வீட்டில் பேசும் பேச்சு, சாப்பாடு, சாமி எல்லாம் வேறு வேறாக இருந்த பிள்ளைகளை ஒரே மணியோசைக்கு எழுப்பி, ஒரே பந்தியில் உட்காரவைத்து, ஒரே அணியில் விளையாடவைத்தது விடுதி. பாடப் புத்தகத்தால் மட்டும் அது ஆகியிருக்காது.

இவர்கள் எல்லாரும் மேலே வந்தவர்கள். மேலேயே இருந்தவர்களின் கதை வேறு.

இதே சேர்வராயன் மலையில், ஏற்காடு ஒன்றியத்து ஊராட்சிகளில் ஒன்று மாரமங்கலம். இந்த மலையூர்களின் மூத்த குடிகள் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளம் என்று நினைத்துவிட வேண்டாம், மலையை ஆள்பவர்கள், பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட மூன்று அண்ணன் தம்பிகளின் வழிவந்தவர்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை. அந்தக் கணக்கில் அவர்களும் மேலே வந்தவர்கள்தாம், பல நூறு ஆண்டு முன்னால். காபித் தோட்டத்தில் வேலை செய்த அவர்களுடைய பிள்ளைகளுக்காக அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் பின்னால்தான் வந்தன.

அங்கே ஆசிரியருக்குக் காலண்டர் ஒன்று, மலைக்குக் காலண்டர் வேறொன்று. அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது காபிப் பழம் சிவக்கும். நவம்பரிலிருந்து அறுவடை முடியும்வரை வீட்டில் ஒவ்வொரு கையும் கூலிக்குக் கணக்கு. பொங்கலுக்கு ஊருக்குப் போனவன் எருதாட்டம் முடிந்தும் திரும்பாவிட்டால், வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையில் சுழித்துவிட்டு உட்காரும் ஆசிரியர் உண்டு. ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டரைப் பார்த்துப் பேசிப் பையனைக் கையோடு அழைத்துவரும் ஆசிரியரும் உண்டு. மாணவர் நலன் என்று அறிக்கைகளில் எழுதுவது இரண்டாமவர் செய்வதைத்தான்.

அரசின் உதவிகளும் உண்டு. மலைப்பகுதிப் பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டையும் மழைக்கோட்டும் தருவது யோசித்துச் செய்த காரியம். பதினோராம் வகுப்புக்கு விலையில்லா மிதிவண்டி தருவதைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். கொண்டை ஊசி வளைவுகளில் அதைத் தள்ளிக்கொண்டு ஏறும் பிள்ளையைக் கேட்டால் தெரியும். விடுதி மாணவருக்கான மாத உணவுப்படியை 2023இல் 1,000 ரூபாயிலிருந்து 1,400 ஆக்கினார்கள். அப்படியும் நாளைக்கு 47 ரூபாய்க்குக் குறைவு. அந்தப் பணத்தில் மூன்று வேளை சமைத்துப் போடும் அம்மாவின் படத்தை எந்த மலரிலாவது முழுப் பக்கத்துக்குப் போட்டால் தகும்.

ஆனால் நான் பார்த்த வரையில் பிள்ளைகளைத் தடுக்கி விழவைப்பது பசியோ குளிரோ அல்ல, ஒரு தாள். பழங்குடியினர் சாதிச் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது. 1989 நவம்பரிலிருந்து கோட்டாட்சியர்தான் தர வேண்டும். தகப்பனிடம் சான்று இல்லையென்றால் விசாரணை, மறு விசாரணை. ஈரோடு மாவட்டத்து மலையாளிகளுக்கு அதுவும் இல்லை. பட்டியலில் அவர்கள் மாவட்டம் விடுபட்டதால் அதே குடியினர் அங்கே பழங்குடியினர் ஆக மாட்டார்கள். சான்று வராவிட்டால் உதவித்தொகை இல்லை, தமிழகத்தில் பழங்குடியினருக்குள்ள ஒரு விழுக்காட்டு ஒதுக்கீடும் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் கையில் இருக்க, கலந்தாய்வு தேதி தாண்டிப்போகும்.

2010இல் சமச்சீர்க் கல்விச் சட்டம் ஆங்கிலோ இந்தியப் பாடத்திட்டத்தையும் மெட்ரிக்கையும் மாநிலப் பாடத்திட்டத்தோடு இணைத்தது. அதன்பின் மாநில வழியில் படிக்கும் கான்வென்ட் பெண்ணும் உண்டு உறைவிடப் பள்ளிப் பெண்ணும் ஒரே பாடத்தைத்தான் படிக்கிறார்கள். 2025இல் இதே சேலம் மாவட்டத்தில், கல்வராயன் மலைக் கருமந்துறை அரசுப் பழங்குடியினர் பள்ளியில் படித்த மாணவி ஒருவர் சென்னை ஐ.ஐ.டி.க்குத் தேர்வானார். பாடத்தைப் பொறுத்தவரை இனிச் சாக்குச் சொல்ல இடமில்லை.

எனவே மலையின் பழைய மாணவர் சங்கங்களிடம் ஒன்று கேட்கலாம். ஆண்டுவிழாவுக்குப் பந்தல் போடும் செலவில் ஒரு பங்கை ஒதுக்கி, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஜூன் மாதமே மாரமங்கலம் போன்ற ஊராட்சிகளில் சான்றிதழ் முகாம் நடத்தலாம். மனு எழுத நாலு பேர், நகல் எடுக்க ஒரு இயந்திரம், கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடக்க ஓய்வுபெற்ற ஆள் ஒருவர் போதும். மூன்று ஆண்டு அவகாசம் இருந்தால் எந்த விசாரணையும் முடிந்துவிடும்.