உள்ளாட்சிக் கொள்முதல்: ஒப்பந்தப்புள்ளியும் கூட்டு ஒப்பந்தமும் (அமெரிக்கா)

அமெரிக்க நகராட்சிகள், கவுண்டிகள், பள்ளி வாரியங்கள் ஆகியவை பொருள் வாங்க இரண்டு வழிகளைக் கையாள்கின்றன. விளம்பரம் செய்து, மூடிய உறையில் விலை பெற்று, தகுதியுள்ளவர்களில் குறைந்த விலை குறித்தவருக்கு ஆணை தருவது ஒரு வழி. வேறோர் அரசு அமைப்பு டெண்டர் விட்டு முடித்த ஒப்பந்தத்தில் சேர்ந்துகொண்டு அந்த விலைக்கே வாங்குவது இன்னொரு வழி. இந்த இரண்டாவது வழியிலும் டெண்டர் உண்டு. அதை விடுவது வாங்கும் ஊர் அல்ல.

ஒன்றிய அரசின் கொள்முதலுக்கு விளம்பரம் கோரும் சட்டம் 1809இலேயே வந்தது. மாநில அளவில் முதல் மையக் கொள்முதல் வாரியத்தை 1810இல் ஒக்லஹோமா அமைத்ததாகச் சில பாடநூல்கள் எழுதுகின்றன. ஒக்லஹோமா மாநிலமானது 1907இல்தான் என்பதால் இக்கூற்றை அப்படியே ஏற்க இயலவில்லை.

நகரங்களில் ஒப்பந்தப்புள்ளிக்கு வலுச் சேர்த்த நிகழ்வாக நியூயார்க் கவுண்டி நீதிமன்றக் கட்டட ஊழலைக் குறிப்பிடுவது வழக்கம். 2,50,000 டாலர் மதிப்பீட்டில் தொடங்கிய அந்தக் கட்டடத்தின் செலவு ஒரு கோடி டாலரைத் தாண்டியது. எவ்வளவு களவு போனது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. 1871இல் நியூயார்க் டைம்ஸ் கணக்கேடுகளை வெளியிட்டது. ஆண்ட்ரூ கார்வி என்ற பூச்சு வேலை ஒப்பந்தக்காரர் இரண்டு நாள் வேலைக்கு 1,33,187 டாலர் பெற்றதாக ஒரு பதிவு கூறுகிறது. ஊழலின் தலைவரான வில்லியம் ட்வீட் 1878இல் சிறையில் இறந்தார்.

மூடிய உறையும் பொதுப்பணத்தைக் காக்கத் தவறக்கூடும் என்பதற்கு முழுமையான ஆவணச் சான்று, ஆடிஸ்டன் குழாய் வழக்கிலிருந்து கிடைக்கிறது. குடிநீர்த் திட்டங்கள் பரவிய காலம் அது. வார்ப்பிரும்புக் குழாய்க்கு நகராட்சிகளே பெரிய வாடிக்கையாளர்கள். ஒஹையோ, கென்டக்கி, டென்னசி, அலபாமா மாநிலங்களைச் சேர்ந்த ஆறு வார்ப்பாலைகள் 1894 டிசம்பரில் உடன்பாடு செய்துகொண்டன. 36 மாநிலங்கள் அதன் எல்லைக்குள் வந்தன. சில நகரங்கள் குறிப்பிட்ட ஆலைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டன. மற்ற ஊர்களின் டெண்டர் அறிவிப்பு வந்ததும், ஆறு ஆலைகளின் பிரதிநிதிகள் கூடி, ஊரிடம் கேட்க வேண்டிய விலையை முதலில் முடிவு செய்தார்கள். பிறகு தங்களுக்குள் ஏலம் விட்டார்கள். கூட்டணிக்கு அதிகப் பங்குத்தொகை தர முன்வந்த ஆலைக்கு அந்த ஊர் கிடைத்தது. முடிவான விலையை அந்த ஆலை எழுத, மற்றவை சற்றே கூடுதலாக எழுதி உறையை ஒட்டின. நகராட்சி அலுவலகத்தில் உறைகள் முறைப்படியே பிரிக்கப்பட்டன. விளம்பரம், கெடுநாள் எதிலும் குறையில்லை. கூடுதல் பணத்தைக் குடிநீர் வரி செலுத்திய மக்களே சுமந்தார்கள்.

1896இல் ஒன்றிய அரசு வழக்குத் தொடுத்தது. கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 1898இல் மேல்முறையீட்டில் அதை மாற்றித் தீர்ப்பெழுதியவர், பின்னாளில் குடியரசுத் தலைவரான வில்லியம் ஹோவர்ட் டாஃப்ட். உச்ச நீதிமன்றம் 1899இல் அத்தீர்ப்பைப் பெருமளவு உறுதி செய்தது. குழாய்க்குக் கூடுதல் விலை கொடுத்த அட்லாண்டா நகரம் தனியே வழக்காடி, மும்மடங்கு இழப்பீட்டுக்கான தன் உரிமையை 1906இல் உச்ச நீதிமன்றத்தில் நிலைநாட்டியது. நீதிபதி ஹோம்ஸ் எழுதிய அந்தத் தீர்ப்பு, ஏமாற்றப்பட்ட ஊரும் பாதிக்கப்பட்ட வாடிக்கையாளரே என்று ஏற்றது.

இரண்டாவது வழியான கூட்டுக் கொள்முதல் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் உருப்பெற்றது. ரஸல் ஃபோர்ப்ஸ் அரசுக் கொள்முதல் பற்றிய தம் நூலை 1929இல் வெளியிட்டார். அரசுக் கொள்முதல் அலுவலர்களின் தேசிய அமைப்பு 1944இலும், மாநிலக் கொள்முதல் அலுவலர்களின் சங்கம் 1947இலும் உருவாயின. 1979இன் மாதிரிக் கொள்முதல் சட்டத்தில் அரசுகளுக்கிடையிலான கூட்டுக் கொள்முதலுக்குத் தனி அத்தியாயமே இருந்தது.

ஒன்றிய அரசின் விலை ஒப்பந்தங்களை உள்ளாட்சிகளுக்கும் திறந்துவிட 1994இல் சட்டம் வந்தது. வணிகர்களின் எதிர்ப்பால் 1996இல் நிறுத்தி வைக்கப்பட்டு, மறு ஆண்டே நீக்கப்பட்டது. கணினி, மென்பொருள் போன்றவற்றுக்கு மட்டும் 2002இல் மீண்டும் வழி பிறந்தது. 2008இல் பாதுகாப்பு, தீயணைப்புக் கருவிகளும் சேர்ந்தன. நியூயார்க் மாநிலம் தன் உள்ளாட்சிகளுக்குப் பிற அரசு அமைப்புகளின் ஒப்பந்தங்களில் சேர 2012இல் அனுமதி தந்தது.

கூட்டுக் கொள்முதலால் சிற்றூர்களே அதிகப் பயன் பெறுகின்றன என்பது ஆதரவாளர்கள் கருத்து. தீயணைப்பு வண்டியைப் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை வாங்கும் ஊரில், பம்பின் திறன், ஏணியின் நீளம், தொட்டியின் கொள்ளளவு என ஒவ்வொன்றையும் பிழையின்றி எழுதும் பயிற்சி ஒருவரிடமும் இருக்காது. அவ்வூர் விவரக்குறிப்பு எழுதி, விளம்பரம் தந்து, ஒற்றை விலைப்புள்ளி பெறுவதைவிட, பலருக்காக முடிந்த ஒப்பந்தத்தில் வாங்குவது மேலாகலாம். உள்ளூர் விற்பனையாளர் ஒதுக்கப்படுகிறார், ஒப்பந்த விலை அன்றைய சந்தை விலையைவிடக் கூடுதலாக இருக்கலாம், கூட்டு ஒப்பந்தத்தை நடத்தும் கூட்டமைப்பு விற்பனையாளரிடமிருந்து பெறும் கட்டணம் விலையில் ஏறிவிடுகிறது என்பன மறுதரப்பின் வாதங்கள். சேமிப்பு எவ்வளவு என்பது பொருளுக்குப் பொருள் மாறுவதால் பொது முடிவு சொல்வது கடினம். கூரை வேய்தல் போன்ற கட்டுமானப் பணிகளை இவ்வழியில் தரலாமா என்பதில் மாநிலச் சட்டங்கள் வேறுபடுகின்றன.

இத்தகைய கூட்டமைப்புகளில் ஒன்று, 1978இல் மின்னசோட்டாவில் தோன்றி, 2018இல் சோர்ஸ்வெல் எனப் பெயர் மாற்றிக்கொண்டு நாடெங்கும் இயங்குகிறது. ஒன்றிய மானியத்தில் வாங்கும்போது, சேரும் ஒப்பந்தம் முறையான போட்டியில் முடிவானது என்பதற்கான ஆவணத்தை ஊர் நிர்வாகம் தன் கோப்பில் வைத்திருக்க வேண்டும்.