மாட்டில் பிறந்து பூனைக்கு வந்த காப்புறுதி

பத்தாம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டை ஆண்ட ஹவல் தா மன்னரின் பெயரால் வழங்கும் சட்டங்களில் பூனைக்கு விலை போட்டிருக்கிறார்கள். கண் திறக்காத குட்டிக்கு ஒரு பென்னி. கண் திறந்ததிலிருந்து எலி பிடிக்கும்வரை இரண்டு பென்னி. எலி பிடிக்கத் தொடங்கிவிட்டால் நான்கு பென்னி. வாங்கிய பூனைக்குக் கண்ணோ காதோ நகமோ பழுது என்றால், அல்லது அது தன் குட்டியையே தின்றால், விற்றவன் மூன்றில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எலி இல்லாமல் பூனைக்கு மதிப்பில்லை என்பதில் அந்த மன்னருக்குச் சந்தேகமே இருந்ததாகத் தெரியவில்லை.

நம் மலைநாட்டில் எலிக்குக் குறைவில்லை. தேயிலைக்கு முன் கோப்பி இருந்த காலத்தில் துரைமாரை அலறவைத்த ‘கோப்பி எலி’க்கு, இலங்கையில் பிறந்த மருத்துவர் கெலார்ட் 1850இல் நுவரெலியாவை நினைவூட்டும்படி ‘கொலுண்டா நுவரா’ என்றே பெயர் வைத்தார். ஒரே தோட்டத்தில் ஒரே நாளில் ஆயிரம் எலி வரை கொன்றதாக, இங்கே காலனித்துவச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1861இல் எழுதினார். தமிழ்த் தொழிலாளர் அவற்றைத் தேங்காயெண்ணெயில் பொரித்தும் கறி வைத்தும் உண்பதாகவும், எலி அதிகமுள்ள பகுதிகளையே விரும்பித் தேடிப் போவதாகவும் சேர்த்து எழுதினார். விருப்பம் என்று எழுதியவர், பசி என்று எழுதவில்லை.

இத்தனை எலி இருந்தும் பூனைக்கு இங்கே யாரும் விலை போடவில்லை. விலை இருந்தது மாட்டுக்குத்தான். கோப்பி மூட்டை மலையிலிருந்து கொழும்புக்கு இறங்கியது மாட்டு வண்டியில். மாட்டுக்கு நோய் கண்டால் வண்டி நின்றது, வண்டிக் கூலி ஏறியது. துரைமார் ரயில் கேட்டு அரசாங்கத்தை நச்சரித்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1867இல் கண்டிக்கும், 1884இல் ஹட்டனுக்கும், மறு ஆண்டு நானுஓயாவுக்கும் ரயில் வந்து சேர்ந்தது.

மிருகக் காப்புறுதி பிறந்ததும் மாட்டுத் தொழுவத்தில்தான். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக் கிராமங்களில் மாட்டுச் சங்கங்கள் இருந்தன. ஒற்றைப் பசுவை நம்பிப் பிழைத்த கூலிக்காரர்கள் சில்லறையாகக் காசு போட்டு வைப்பார்கள். சேர வரும் பசுவைச் சங்கத்தார் பார்த்து, விலை மதித்து, கொம்பில் சூட்டுக்குறி வைப்பார்கள். பசு செத்தால் சங்கம் பணம் கொடுக்கும். தோட்டத்து மரண உதவிச் சங்கத்தில் சந்தா கட்டிய எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

இதைக் கம்பனியாக நடத்திய நாடுகளில் சுவீடனும் ஒன்று. 1890இல் கிளாஸ் விர்ஜின் என்பவர் குதிரைக்கும் மாட்டுக்குமாக ஒரு காப்புறுதிக் கம்பனி தொடங்கினார். இன்று ‘அக்ரியா’ என்ற பெயரில் இருப்பது அதன் வாரிசு. 1924இல் அங்கே முதன்முதலாக ஒரு நாய்க்குக் காப்புறுதிப் பத்திரம் எழுதினார்கள். பிரித்தானியாவில் அது நடக்க 1947 ஆனது. பூனை எங்கும் வரிசையின் கடைசியில்தான் நின்றது.

மாட்டுப் பத்திரத்துக்கும் பூனைப் பத்திரத்துக்கும் உள்ள வேறுபாடு மிருகத்தின் அளவில் இல்லை. மாட்டுக் காப்புறுதியில் பொதுவாக மாடு செத்தால்தான் பணம். பூனைக் காப்புறுதியில் பணம் பெரும்பாலும் பூனை பிழைப்பதற்காகவே கட்டப்படுகிறது. முன்னது மிருகத்தின் விலைக்கு, பின்னது வைத்தியரின் பில்லுக்கு. மோட்டார் வாகனம் வந்து குதிரையைத் தெருவிலிருந்து துரத்தியபின், குதிரையை நம்பியிருந்த மேல்நாட்டு மிருக வைத்தியர்கள் மெல்ல நாய், பூனைப் பக்கம் திரும்பினார்கள். எக்ஸ்ரே வந்தது, மயக்க மருந்து வந்தது, சத்திர சிகிச்சை வந்தது, கூடவே பில்லும் வந்தது. 1976இல் பிரித்தானியாவில் பாட்சி புளூம், டேவிட் சிம்ப்சன் இருவரும் ‘பெட்பிளான்’ தொடங்கியது அந்தப் பில்லை வைத்துத்தான்.

அமெரிக்கக் கதை இன்னும் கூர்மையானது. ஜாக் ஸ்டீபன்ஸ் என்ற மிருக வைத்தியர் தானே பலமுறை சொன்ன கதை அது. சிகிச்சைக்குக் காசில்லாத ஒரு குடும்பத்தின் நாயை ஊசி போட்டு விடைகொடுக்க வேண்டியதாயிற்று. பிறகு ஒருநாள் பலசரக்குக் கடையில் அந்த வீட்டுச் சிறுமி இவரைக் கண்டு, நம் நாயைக் கொன்ற ஆள் இவர்தான் என்று தாயிடம் காட்டிக்கொடுத்தாள். அவர் வேறு வைத்தியர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரு காப்புறுதிக் கம்பனி தொடங்கினார். 1982இல் அந்தக் கம்பனியின் முதல் பத்திரம் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற லாசி நாய்க்கு எழுதப்பட்டது. விளம்பரத்துக்கு அதைவிட நல்ல கழுத்துப் பட்டி கிடைத்திருக்காது.

இலங்கை பழைய வழியிலேயே நடந்தது. 1958இல் நெல்லுக்குக் காப்புறுதி தொடங்கியது. 1973ஆம் ஆண்டுச் சட்டம் கால்நடையையும் சேர்த்தது. 1999ஆம் ஆண்டின் சட்டத்தால் இதை நடத்திய சபை ‘கமத்தொழில் கமநலக் காப்புறுதிச் சபை’ ஆனது. லயத்துக்குப் பின்னால் மரக்கறிப் பாத்தியை ஒட்டிய தகரக் கொட்டிலில் ஒரு பசு வைத்திருப்பவர், காலையில் கொழுந்து மலைக்குப் போகுமுன் பாலைக் கறந்து சேகரிப்பு நிலையத்துக்கு அனுப்புகிறார். அந்தப் பசு கடனில் வந்ததென்றால் அதற்குக் காப்புறுதி வேண்டும், காதில் இலக்கத் தகடும் வேண்டும். இந்தியாவில் இதை இன்னும் கறாராகச் சொல்வார்கள்: தகடு இல்லையேல் பணம் இல்லை.

இனி லயத்துப் பூனையைப் பார்ப்போம். விண்ணப்பப் படிவத்தில் முதல் கேள்வியே உரிமையாளர் யார் என்பது. காலையில் அது இரண்டாம் காம்பராவில் பால் குடிக்கிறது. பகலில் ஐந்தாம் காம்பராவின் அடுப்படியில் சாம்பல் சூட்டில் சுருண்டு கிடக்கிறது. குட்டி போட்டது கடைசிக் காம்பராவின் விறகு அட்டலில். எலி பிடிப்பது எல்லாருக்கும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெயர். வயது கேட்டால், போன தீபாவளிக்கு முந்தின தீபாவளிக் குட்டி என்பார்கள். தடுப்பூசி அட்டை கிடையாது. காணாமல் போனால் சிறுத்தை தூக்கியதா, பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் மாட்டியதா, இல்லை ஆற்றுக்கு அந்தப் பக்கத்து டிவிசனில் புது வீடு பிடித்ததா என்று எந்தக் கம்பனியும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு சொத்துக்கு ஒரே உடைமையாளர் என்ற எண்ணத்தில் பிறந்த பத்திரம், பத்து வீட்டுக்குச் சொந்தமான பூனையிடம் வந்து முழிக்கத்தான் செய்யும். சுவீடனிலோ, உரிமையாளர் யார் என்று தெரியும்படி, 2023 ஜனவரி முதல் வீட்டுப் பூனைக்கும் அடையாளக் குறி வைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டமே போட்டுவிட்டார்கள்.

அதற்காக, தோட்டப்புறத்தில் பூனைக்குக் காப்புறுதி எடுப்பதா வேண்டாமா என்ற கேள்வியைச் சிரித்து ஒதுக்கவும் முடியாது. ஹட்டன், நுவரெலியா நகரங்களில் வீட்டுக்குள்ளேயே பூனை வளர்க்கும் ஆசிரியர் குடும்பங்கள், வங்கி ஊழியர்கள் உண்டு. லண்டனிலோ டொரொன்டோவிலோ இருக்கும் சொந்தக்காரர், எங்கள் பூனைக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, உங்களுடையதற்கு இல்லையா என்று போனில் கேட்கிறார். அவர் கேட்பது அவர் ஊருக்குச் சரி. பிரித்தானியாவில் 2016க்கும் 2023க்கும் இடையில் மிருக வைத்தியக் கட்டணம் 63 சதவீதம் ஏறியதாக அந்நாட்டுப் போட்டி ஒழுங்குமுறை அமைப்பு கணக்கிட்டது. இந்தியாவிலும் பஜாஜ் அலியான்ஸ் கம்பனி 2020இல் நாய்க்கு எனப் பத்திரம் கொண்டுவந்தது. பூனைக்கு அதற்குப் பிறகுதான்.

என் கணக்கு இதுதான். காப்புறுதி பில்லைக் கட்டும், வைத்தியரைக் கொண்டுவந்து தராது. அரச மிருக வைத்திய அலுவலகத்தில் பிரதான நோயாளி பசு. பூனையின் முறிந்த காலுக்குப் படம் எடுத்து, சத்திர சிகிச்சை செய்ய வேண்டுமென்றால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலை வரை போகவேண்டி வரலாம். கூடைக்குள் கத்தும் பூனையோடு மலை இறங்கும் பஸ் பயணம், ஒரு நாள் சம்பளம் போவது, திரும்பி வர ஆட்டோ: இந்தச் செலவுகளை எந்தப் பத்திரத்திலும் நான் கண்டதில்லை. பத்திரங்கள் பெரும்பாலும் விலக்கி வைப்பவையும் நமக்குத் தேவையானவைதான். தடுப்பூசி, கருத்தடை, பத்திரம் எடுக்குமுன்பே இருந்த நோய் ஆகியவற்றுக்குப் பொதுவாகப் பணம் கிடைக்காது. எடுத்ததும் சில வாரம் காத்திருப்புக் காலம். ஒவ்வொரு பில்லிலும் முதல் பகுதி நம் கையிலிருந்து. பூனைக்கு வயது ஏற ஏற பிரீமியமும் ஏறும்.

ஆகவே லயத்தில் இருப்பவருக்கு நான் பத்திரத்தைச் சிபாரிசு செய்யமாட்டேன். நாய்க்கும் பூனைக்கும் அரசாங்கம் இலவசமாகப் போடும் விசர்நோய்த் தடுப்பூசியை முதலில் போட்டுவிட வேண்டும். கடி பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவது பூனையல்ல, பிள்ளை. அடுத்தது கருத்தடை. பத்து வீடும் பால் ஊற்றும் பூனைக்குப் பத்து வீடும் கொஞ்சம் போட்டால் செலவு யாருக்கும் தெரியாது. மரண உதவிச் சங்கத்துக்குக் கணக்கு எழுதத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வேலையில்லை. நகரத்தில், கண்டிக்குக் காரில் போய்வர வசதியோடு, ஒரே வீட்டில் ஒரே பூனையை வளர்ப்பவர் விஷயம் வேறு. பத்திரம் நீட்டப்பட்டால் அவர் எடுக்கலாம். குட்டியாய், நோய் எதுவும் பதிவாகுமுன் எடுப்பதே மேல். வருடத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு தருவார்கள், ஆண் பூனைகளுக்கு அடிக்கடி வரும் மூத்திர அடைப்பு சேருமா, பணத்தை வைத்தியரிடமே கட்டுவார்களா அல்லது நாம் கட்டிவிட்டுப் பில்லோடு அலைய வேண்டுமா என்று கையெழுத்துப் போடுமுன் கேட்டு, பதிலைக் கடிதமாக வாங்கிக்கொள்ள வேண்டும்.