மூக்கமைத்த சூளைத் தொழிலாளி

1794 அக்டோபரில் இலண்டன் சஞ்சிகையொன்றில் ஒரு கடிதம் வெளியாயிற்று. ஆங்கிலப் படையின் மாடோட்டி கவாஸ்ஜி 1792இல் திப்புவிடம் சிறைப்பட்டு, மூக்கும் ஒரு கையும் அறுக்கப்பட்டான் என்றது அது. சண்டை அரசர்களுக்கு, மூக்கிழந்தவனோ கூலிக்காரன்!

புனாவுக்கு அருகே, செங்கல் அறுக்கும் சாதியினன் ஒருவன் அவனுக்குப் புதுமூக்கு அமைத்தான். மெழுகில் மூக்குச் செய்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து அளவெடுத்தான். அவ்வளவு தோலை உரித்து, புருவங்களின் நடுவே மட்டும் ஒட்டியிருக்கவிட்டு, திருப்பிக் கீழே பொருத்தினான். அவ்வொட்டின் வழியே குருதி பாய்ந்தமையாலேயே தோல் அழுகாது பிழைத்தது. இந்தியாவில் இது நெடுங்கால வழக்கமென்றும் கடிதம் குறித்தது.

இம்முறையைப் பிணங்களில் பழகிய ஆங்கில வைத்தியர் கார்ப்பியூ, 1814இல் இலண்டனில் அச்சத்திரசிகிச்சையைச் செய்தார். 1816இல் நூலும் வெளியிட்டார். அவர் பெயர் நிலைத்துவிட்டது. கடிதத்திலே சூளைத் தொழிலாளிக்குச் சாதி மட்டுமே உண்டு, பெயரில்லை.