மூலம், உரை, ஒரு பழைய கணினி

முத்தியால்பேட்டை வீட்டுப் பரணில் அந்தக் கணினி பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. 2000ஆம் ஆண்டு, பொறியியல் சேர்ந்த தம்பிக்காக அப்பா கடன்பட்டு வாங்கியது. பென்டியம் 3, 128 எம்பி நினைவகம். நான் அப்போது தமிழ் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் தம்பியும் நண்பர்களும் கூடத்தில் உட்கார்ந்து ‘டூம்’ ஆடுவார்கள். காபி கொண்டுபோய் வைத்துவிட்டு, சுவரோரம் நின்று பார்ப்பேன். ஒருநாள் விசைப்பலகையில் கை வைத்தபோது அம்மா சொன்னாள்: “அவன் படிக்கிற பொருள்டி. எதையாவது அழுத்திக் கெடுத்து வச்சிடாத.”

அவன் அதை எத்தனையோ முறை கெடுத்தான். ‘பிசி குவெஸ்ட்’ இதழோடு வந்த லினக்ஸ் குறுந்தகட்டைப் போட்டு, இருந்த கோப்புகளையெல்லாம் அழித்தான். வீட்டில் அதற்குப் பெயர் ‘கத்துக்கிறான்’. நான் தொட்டிருந்தால் அதே செயலுக்கு வேறு பெயர்.

அந்த ஆட்டத்தின் வரலாற்றைப் பின்னால்தான் படித்தேன். அமெரிக்காவின் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 1993 டிசம்பர் 10 அன்று டூமை வெளியிட்டது. செவ்வாயின் நிலவுகளில் ஒரு படைவீரன் தனியாகத் துப்பாக்கியோடு போகிறான்; எதிரே நரகத்துப் பேய்கள். கதை அவ்வளவுதான். அது நிலைத்ததற்குக் காரணம் வேறு. ஆட்டத்தை இயக்கும் நிரலை ஒருபுறமும், வரைபடங்கள், படங்கள், ஒலிகளை ‘வாட்’ என்ற தனிக் கோப்பிலும் பிரித்து வைத்தார் ஜான் கார்மாக். ஆடுபவர் தானே செய்த கோப்பை அதன்மேல் ஏற்றலாம். மூலக் கோப்பு மாறாது. இப்படிச் செய்யும் மாற்றத்துக்கு ‘மோட்’ என்று பெயர். 1994 ஜனவரியிலேயே ரசிகர்கள் வரைபடம் திருத்தும் மென்பொருளை எழுதிவிட்டார்கள். அதே ஆண்டு டேவ் டெய்லர் டூமை லினக்ஸுக்குக் கொண்டுவந்தார். 1997 டிசம்பர் 23 அன்று மூல நிரலே பொதுவில் வந்தது. டாஸ் வடிவத்தின் ஒலி நிரல் பிறருக்குச் சொந்தம் என்பதால், வெளியானது லினக்ஸ் வடிவம்தான். 1999இல் அது ஜிபிஎல் உரிமத்தின் கீழ் வந்தது: யாரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். படங்களும் வரைபடங்களும் மட்டும் நிறுவனத்தின் உடைமையாக இருந்தன. அவற்றுக்கு ஈடாக எல்லாவற்றையும் புதிதாக உருவாக்கி இலவசமாகத் தருகிறது ‘ஃப்ரீடூம்’ திட்டம்.

தமிழ் படித்தவளுக்கு இது புதிதல்ல. மூலம் ஒன்று, அதன்மேல் உரைகள் பல. உரை மூலத்தை அழிப்பதில்லை. ஆனால் மூலம் எப்படிப் படிக்கப்பட வேண்டும் என்பதை உரைதான் முடிவு செய்கிறது. இளம்பூரணர், பரிமேலழகர், நச்சினார்க்கினியர் என்று பட்டியல் நீள்கிறது. சங்கப் பாடல்களில் பெண் குரல் உண்டு. நமக்குப் பெயர் தெரிந்த பழைய உரையாசிரியர்களில் ஒரு பெண்கூட இல்லை. பாடலாம், பொருள் சொல்லக் கூடாது. ஆட்டத்தைப் பார்க்கலாம், இயந்திரத்தைத் திறக்கக் கூடாது. இரண்டும் ஒரே வீட்டுச் சட்டம்.

மீறியவர்கள் இருந்தார்கள். 3டிஓ என்ற விளையாட்டுக் கருவிக்கு டூமின் நிரலை ஏறத்தாழத் தனியாளாக மாற்றி எழுதியவர் ரெபெக்கா ஹைன்மேன் என்ற திருநங்கை. அந்த நிரலை 2014இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார். டூமை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் ரொமேரோவை, அவரே உருவாக்கிய ‘குவேக்’ ஆட்டத்தில் 1997இல் வென்றார் ஸ்டீவி கேஸ். 1999இல் ஆன்-மேரி ஷ்லைனர், ஆட்டங்களின்மேல் ஏற்றப்படும் மாற்றங்களைக் கலையாக முன்வைத்து இணையத்தில் ஒரு கண்காட்சியே நடத்தினார்.

சென்ற ஆண்டு என் மாணவி ஒருத்தியின் உதவியோடு கணினியைப் பரணிலிருந்து இறக்கினேன். மின்வழங்கிப் பெட்டி செத்திருந்தது. காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழையது ஒன்று கிடைத்தது. பழைய டெபியன் லினக்ஸைப் போட்டாள். டூமுக்கு 4 எம்பி நினைவகமே போதும் என்பதால் இந்தக் கிழ இயந்திரம் அதைச் சிரமமில்லாமல் ஓட்டியது. ஆடிக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்திக் கேட்டாள்: “மேம், கீழ தெரியிற இந்த மூஞ்சி ஏன் இவன் மூஞ்சியாவே இருக்கணும்?”

திரையின் அடியில் வீரனின் முகம் இருக்கும். அடிபட அடிபட இரத்தம் வழியும். இரண்டு வாரத்தில் தன் முகத்தை வரைந்து ஒரு மோட் செய்துவிட்டாள். அடிபட்டால் எழும் ஆண் முனகலை எடுத்துவிட்டுத் தன் குரலைப் பதிந்தாள். பேய் பாய்ந்ததும் கணினி “அய்யோ, போடா!” என்றது. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

துப்பாக்கி மட்டும் உறுத்துகிறது. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் போன ‘சொல்தா’க்களின் ஊர் இது. அவர்களுக்காக வாசல் பார்த்திருந்த பெண்களின் ஊரும் இதுதான். வீரனின் இடத்தில் பெண் முகத்தை ஒட்டினால் போர் பெண்ணியமாகிவிடாது. ஷ்லைனரும் இதை யோசித்திருக்க வேண்டும். 2002இல் அவர் இரு கலைஞர்களோடு சேர்ந்து ‘வெல்வெட்-ஸ்ட்ரைக்’ செய்தார். ‘கவுண்டர்-ஸ்ட்ரைக்’ என்ற சுடும் ஆட்டத்துக்குள் நுழைந்து, சுவர்களில் போர் எதிர்ப்புப் படங்களைத் தெளிக்கலாம். அந்த ஆட்டமே இன்னொரு ஆட்டத்தின் மோடாகப் பிறந்ததுதான். உரைக்கும் உரை எழுதலாம்.

மாணவியிடம் இதைச் சொன்னேன். இப்போது துப்பாக்கியே இல்லாத ஒரு வரைபடம் வரைந்துகொண்டிருக்கிறாள். கதவுகள் மட்டும் நிறைய இருக்கின்றன.

பாரீசிலிருந்து காணொளியில் வந்த தம்பி, மூடி திறந்து கிடந்த கணினியைப் பார்த்துப் பதறினான். “அக்கா, அத எதுக்கு நோண்டுற? கெட்டுப்போயிடப் போகுது.”

“கெட்டா மறுபடி போட்டுக்கலாம்டா” என்றேன். பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நிமிர்ந்து திரையைப் பார்த்தாள்.