வெண்டைக்காய் கடந்து வந்த பாதை

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

சென்ற வாரம் பகலுணவு வேளையில், மத்ரஸாவில் ஓதும் பிள்ளைகளுள் ஒருவன் தட்டிலிருந்த வெண்டைக்காய்ப் பொரியலை ஓரமாக ஒதுக்கினான். "இன்றைக்குக் கறி இல்லையா ஹஜ்ரத்?" என்று கேட்டான். கடிந்துகொள்ள மனம் வரவில்லை. அவன் வயதில் நானும் அப்படித்தான் இருந்தேன். அன்று அவனுக்குச் சொன்ன செய்திகளையே இங்கு எழுதுகிறேன்.

அரபுமொழியில் வெண்டைக்காய்க்கு 'பாமியா' என்று பெயர். அந்தலூசின் இஷ்பீலியா நகரைச் சேர்ந்த தாவரவியல் அறிஞர் அபுல் அப்பாஸ் அந்நபாத்தி, 1216ஆம் ஆண்டில் எகிப்துக்குச் சென்றார். அங்கு மக்கள் இச்செடியைப் பயிரிடுவதையும், பிஞ்சுக் காய்களை மாவுடன் சேர்த்து உண்பதையும் கண்டு பதிவு செய்தார். புகழ்பெற்ற மூலிகை அறிஞர் இப்னுல் பைத்தார் இவருடைய மாணவரே. அல்லாஹ்வின் படைப்பை ஆராய்வது இபாதத்தின் ஒரு பகுதி என்று எண்ணிய அக்கால அறிஞர்களுக்கு, ஓர் எளிய காய்கூட எழுதத் தகுந்த பொருளாயிருந்தது.

அக்காயின் பயணத்தில் கண்ணீரும் உண்டு. அடிமைகளாக விலங்கிடப்பட்டு அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்த ஆப்பிரிக்க மக்களோடு அது அமெரிக்காவை அடைந்தது. ஆங்கிலத்தில் வழங்கும் 'ஓக்ரா' என்னும் பெயரே மேற்கு ஆப்பிரிக்க மொழியொன்றிலிருந்து வந்தது. அவ்வாறு கொண்டுசெல்லப்பட்டோருள் குர்ஆன் ஓதத் தெரிந்த முஸ்லிம்களும் இருந்தனர். அமெரிக்கக் கண்டத்திலிருந்து நமக்கு வந்தது மிளகாய். போர்த்துக்கீசியர் வருகைக்கு முன் நம் முன்னோர் காரத்துக்கு மிளகையே நம்பியிருந்தனர். ஒரு கைப்பிடிப் பொரியலில் இத்தனை கடல்கள் கலந்திருக்கின்றன.

கறி சேராத உணவு தாழ்ந்தது என்ற எண்ணத்துக்கும் மார்க்கத்தில் இடமில்லை. ஒரு தையற்காரர் அளித்த விருந்தில் உப்புக்கண்டமும் சுரைக்காயும் சேர்ந்த குழம்பு வைக்கப்பட்டது. நபி (ஸல்) அவர்கள் தட்டில் சுரைக்காய்த் துண்டுகளையே தேடி உண்டதை அனஸ் (ரலி) அவர்கள் பார்த்தார்கள். அன்று முதல் தமக்கும் அது பிடித்துப்போயிற்று என அறிவித்தார்கள். நபியவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை என்பது அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்பு.

நாம் வாழும் வடலூருக்கு இதில் தனிப் பொருள் உண்டு. இராமலிங்க அடிகளார் 1867 மே 23 அன்று இங்குச் சத்திய தருமச்சாலையை நிறுவினார். அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் காக்கப்பட்டு, இன்றும் பசித்து வருவோருக்குச் சோறு வழங்கப்படுகிறது. கொள்கையில் நமக்கும் அவர்களுக்கும் வேறுபாடு உண்டு. எனினும் ஏழைக்கும் அநாதைக்கும் கைதிக்கும் உணவளிப்போரை அல்குர்ஆனின் 76ஆம் அத்தியாயம் போற்றுகிறது. புலால் உண்ணாத அண்டை வீட்டார் பலர் வாழும் ஊரில், பெருநாள் பிரியாணியை அவர்களுக்குக் கொடுக்க இயலாது. வெண்டைக்காய்ப் பொரியலைக் கொடுக்கலாம். அதையும் கறி ஆக்காத சட்டியில் சமைத்துக் கொடுப்பதே அண்டை வீட்டாருக்குச் செய்யும் மரியாதை.

செய்முறை எளிது. நுனியை ஒடித்துப் பார்த்து, 'பட்'டென்று ஒடியும் பிஞ்சாகக் கால் கிலோ வாங்குங்கள். முழுக் காயாகக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பின்னரே நறுக்குங்கள். நறுக்கியபின் நீர் பட்டால் கொழகொழப்பு மிகும். எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, இரண்டு காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, பத்துச் சின்ன வெங்காயத்தை வதக்குங்கள். காயையும் சிறிது மஞ்சள்தூளையும் சேர்த்து, மூடாமல் மிதமான தீயில் வதக்குங்கள். ஒரு கரண்டி தயிரோ சிறிது புளிக்கரைசலோ விட்டால் கொழகொழப்பு அடங்கும். உப்பு நீரை வெளியேற்றும். ஆதலால் அதை இறுதியில் சேர்க்க வேண்டும். ஆண்களும் இதைச் செய்யலாம். நபியவர்கள் வீட்டு வேலைகளில் துணைபுரிந்தார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள்.

அந்தப் பிள்ளை அன்று பொரியலில் பாதியைத்தான் உண்டான். அது போதும். மறுநாள், "அந்த அடிமைகள் ஊருக்குத் திரும்பிப் போனார்களா ஹஜ்ரத்?" என்று கேட்டான். பெரும்பாலோர் திரும்பவேயில்லை என்றேன். அதன்பின் அவன் தட்டில் எதையும் ஒதுக்கி நான் பார்க்கவில்லை.

நமக்கு அளிக்கப்பட்ட உணவின் அருமையை உணர்ந்து, அதைப் பகிர்ந்து உண்ணும் நல்லடியார்களாக அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக. ஆமீன்.